அரைப் பவர்

ஜூன் 3, திங்கள்

லென்ஸ் லேப்காரர்கள் ஜனவரியில் கொடுத்த டைரி இது. ஐந்து மாதம் மேஜை இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து எழுதப் போகிறேன். கடையில் தப்பு மேல் தப்பாக நடக்கிறது. எது, என்றைக்கு, யாரால் என்று எழுதி வைத்துவிட்டால் பிறகு வாய்ச்சண்டைக்கு வேலை இல்லை.

முதலில் பஸ் ஸ்டாண்ட் டைம்கீப்பர் அங்கமுத்து. போன மாதம் பழைய கண்ணாடியைக் கொடுத்து, இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றார். பவர் பார்க்கும் மெஷினில் நானே வைத்துப் பார்த்தேன். மைனஸ் இரண்டரை. கோயமுத்தூர் லேபிலிருந்து லென்ஸ் வந்தது. எங்கள் பிட்டர் மயில்சாமி பிரேமில் மாட்டிக் கொடுத்தான். இன்று காலை கடை திறக்கும்போதே அங்கமுத்து புருவத்தைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறார்.

"அம்மணி, பஸ்ஸு போர்டெல்லாம் குட்டியூண்டா, பளிச்சுனு தெரியுது. ஆனா பத்து மணிக்கே மண்டையிடி தாங்கலீங்க. பழசுல இப்பிடி இல்லீங்களே."

அவருடைய புதுக் கண்ணாடியை மெஷினில் வைத்தேன். மைனஸ் மூன்று! கேட்டது இரண்டரை, வந்தது மூன்று. அரை கூடுதல்.

"மாட்டறதுக்கு முன்னாடி பாக்க மாட்டியா?" என்றேன் மயில்சாமியிடம்.

"பாத்தேனுங்க்கா. ரெண்டரைதான் இருந்துச்சு."

"எதுல பாத்தே?"

"கையில."

கையில் பார்த்தானாம். சுவரில் ஒரு கூட்டல் குறி ஒட்டி வைத்திருக்கிறான். லென்ஸை அதன் முன்னால் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டுவான். மைனஸ் என்றால் குறியும் கூடவே நகரும், பிளஸ் என்றால் எதிர்ப்பக்கம் ஓடும். அதற்கு எதிர்ப் பவரை மேலே வைத்து வைத்து, நகர்வது நிற்கிறபோது அதுதான் கணக்கு. முறை சரிதான், நானும் படித்ததுதான். ஆனால் பக்கத்தில் மெஷின் இருக்கும்போது எதற்கு அது?

மெஷின் அவனுக்கு ஒத்துவராது என்பதும் உண்மை. பன்னிரண்டு வருடத்துக்கு முன் வாங்கிய அன்றே, கண் வைத்துப் பார்க்கும் குழாயின் வளையத்தைத் திருப்பி, என் கண்ணுக்குப் பச்சைக் கோடுகள் நறுக்கென்று தெரிகிற இடத்தில் நிறுத்தி, யாரும் கை வைக்காதபடி டேப் சுற்றிவிட்டேன். சுலோசனாவின் கண்ணுக்கு அளந்த மெஷின். நாற்பத்தாறு வயதிலும் கண்ணாடி போடாத கண்ணாடிக்கடைக்காரி உடுமலையில் நான் ஒருத்திதான்.

ஜூன் 6, வியாழன்

இந்த டைரியில் கோடுகளை ரொம்ப நெருக்கி அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு கோட்டுக்கு ஒரு வரியாக எழுதுகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

இரண்டாவது தப்பு. தபால் ஆபீஸ் சந்தில் தையல் கடை வைத்திருக்கும் கோகிலம். படிக்கிற கண்ணாடி. பழையதைப் பார்த்து நான் எழுதியது பிளஸ் ஒன்றரை. இன்று வந்து, "ஊசி கோக்கணும்னா கை முழுசா நீட்ட வேண்டியிருக்குக்கா. கத்தரிக்கோலு மட்டும் நல்லாத் தெரியுது, அது தூரத்துல கெடக்குறதால" என்றாள். மெஷினில் வைத்தால் பிளஸ் ஒன்று. இந்த முறை அரை குறைவு.

லேபுக்குப் போன் போட்டுக் கத்தினேன். அங்கே இருப்பவர் கம்ப்யூட்டரில் பார்த்துத்தான் அனுப்புகிறோம் மேடம் என்கிறார். எல்லாருக்கும் ஒரு கம்ப்யூட்டர் கிடைத்துவிட்டது தப்பு போடுவதற்கு.

மயில்சாமி இதையும் கையில் ஆட்டிப் பார்த்து, ஒன்றரை சரியாக இருக்கிறது என்றான். லேபோடு சேர்ந்துகொண்டு சாதிக்கிறானா, இல்லை கவனமே இல்லையா? பதினோரு வருடம் கூட இருப்பவன். முன்பெல்லாம் இப்படி இல்லை.

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொல்லிப் புலம்பினேன். இவர் பாதி கேட்டுவிட்டு, "கரண்ட் பில்லை ஏன் அவ்வளவு தூரத்துல புடிச்சுப் படிக்கிறே? அடுத்த வீட்டுக்காரங்களுக்கும் காட்டறியா?" என்றார். மின்வாரியம் மையை மிச்சம் பிடிக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 18, செவ்வாய்

மாதாந்திரப் பராமரிப்பு என்று ஒன்பது மணிக்கே கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். அதற்கு முன்னாலேயே ஒரு தப்பைப் பிடித்துவிட்டேன். டாக்டர் சீட்டில் பிளஸ் இரண்டு. லேப் அனுப்பியது மெஷினில் ஒன்றரைதான். பிரேமில் ஏற்றாமல் திருப்பி அனுப்ப எடுத்து வைத்தேன்.

கரண்ட் இல்லாத கடையில் வேலையும் இல்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தோம். மயில்சாமி அந்த லென்ஸை எடுத்துக்கொண்டு பின்சுவருக்குப் போனான். சுவருக்கு முன்னால் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்தினான். திடீரென்று வெள்ளைச் சுவரில் தெரு வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டுக்கு அந்தப் பக்கத்து வாட்டர் டேங்க் கால் மேலேயும் தலை கீழேயுமாகத் தொங்கியது. அதன் காலருகே ஒரு திருப்பூர் பஸ் சக்கரம் மேலாக ஊர்ந்து போனது. எல்லாம் ஒரு தீப்பெட்டி அளவு, ஆனால் நிறம் மட்டும் நிஜத்தைவிடப் பளிச்சென்று.

இருபது வருடமாக லென்ஸ் விற்கிறேன். மேலிருந்து வருகிற வெளிச்சத்தைக் கீழே வளைத்து, கீழிருந்து வருவதை மேலே வளைத்து, எல்லாவற்றையும் ஒரு இடத்தில் சேர்த்து வைக்கிறது, அதனால்தான் தலைகீழ் என்பது தெரியும். தெரிந்தும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். எதிரில் கடை போட்டிருக்கும் பூக்காரி தலைகீழாக நின்று பூ அளந்துகொண்டிருந்தாள். அவளைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்றால் வந்த பிறகு சுவரில் இருக்க மாட்டாளே. நானும் மயில்சாமியும் அதைச் சொல்லிச் சிரித்தோம். நல்ல காலை.

பிறகு அவன் டேப் எடுத்து, லென்ஸிலிருந்து சுவர் வரை அளந்தான்.

"அம்பது சென்டிமீட்டர் இருக்குதுங்க்கா. நூறை அம்பதால வகுத்தா ரெண்டு. லென்ஸு ரெண்டுதானுங்க."

ஒன்றரை என்றால் படம் அறுபத்தாறு, அறுபத்தேழில் விழுந்திருக்க வேண்டும். அது எனக்கும் தெரியும். அந்தச் சுவரில் காரை உப்பியிருக்கிறது, அங்கே அளந்தால் எதுவும் சரியாக வராது. லென்ஸைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

மயில்சாமி டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு, மெஷின் மேலிருந்த தூசியைத் துடைத்தான்.

ஜூன் 24, திங்கள்

மாத்திரை அட்டையில் காலாவதி தேதியை எறும்புகூடப் படிக்க முடியாது. புகார் எழுத வேண்டும்.

ஜூலை 2, செவ்வாய்

இன்று மனசு சரியில்லை, இருந்தாலும் செய்தது சரிதான்.

ஒரு வாரத்தில் மட்டும் நான்கு கண்ணாடி திரும்பி வந்திருக்கிறது. அங்கமுத்து இரண்டாம் தடவை. கடையில் ஆறு பேர் இருக்கும்போது, "இது யாரு பண்ற தப்புங்க அம்மணி?" என்று சத்தமாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. "எங்க பிட்டர் கவனமில்லாம பண்றாருங்க, மாத்தித் தர்றேன்" என்றேன். மயில்சாமி திரைக்குப் பின்னால்தான் இருந்தான். லென்ஸ் தேய்க்கிற சத்தம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது.

மதியம் கூப்பிட்டு, பதின்மூன்றாம் தேதியோடு வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

"சரிங்க்கா" என்றான். திரைப்பக்கம் போனவன் திரும்பி வந்தான். "மெஷினை ஒருக்கா சர்வீசுக்குக் குடுத்துப் பாத்துக்கலாமுங்களா?"

"மெஷினுக்கு என்ன கேடு? கோடு எனக்குத் தெளிவாத் தெரியுது."

"சரிங்க்கா."

அவன் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஜூலை 9, செவ்வாய்

பொள்ளாச்சியில் பெரிய கண்ணாடிக்கடை வைத்திருக்கும் காளியப்பன் போன் செய்தார். மயில்சாமி வேலை கேட்டிருக்கிறானாம், ஆள் எப்படி என்றார்.

"கைவேலை சுத்தமுங்க. கவனம்தான் இப்பக் கொஞ்சம் கம்மி."

"அப்பிடீங்களா. அப்ப யோசிக்கிறேனுங்க."

கேட்டார், சொன்னேன். பொய் ஒன்றும் சொல்லவில்லை.

ஜூலை 13, சனி

மயில்சாமி போய்விட்டான். போகும்போது சோதனை லென்ஸ் பெட்டியைத் துடைத்து, ஒவ்வொன்றையும் அதன் குழியில் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். வேறெங்கும் வேலை அமையவில்லை என்று பூக்காரி சொன்னாள். இந்த ஊரில் மூன்றே கடைதான், தவறாக மாட்டுகிறவன் என்று பெயர் வந்தால் எவன் எடுப்பான்? அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று பூக்காரி கேட்கவில்லை.

ஜூலை 20, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் தேதி போட்டாகிவிட்டது, எழுதுகிறேன்.

ஆடிக்காற்று மண்ணை வாரி இறைக்கிறது. அதனால் கூலிங் கிளாஸ் நன்றாகப் போகிறது. பதினொரு மணிக்கு ஹெட் கான்ஸ்டபிள் பரிமளா வந்தார். பழநி அடிவாரத்தில் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். "டிராபிக்ல நிக்கறப்போ கண்ணு இழுக்குற மாதிரி இருக்குதுங்க. இதுல பவர் ஏதாச்சும் இருக்குதானு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

மெஷினில் வைத்தேன். மைனஸ் அரை.

"பாருங்க, ரோட்டுக்கடைல வாங்குனா இப்பிடித்தான். அரைப் பவர் இருக்குது" என்று சொல்லி, நல்லதாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அவருக்குத் திருப்தி. கழற்றி வாங்கி, எதற்கும் என்று அதையும் வைத்துப் பார்த்தேன். மைனஸ் அரை.

அது நல்ல கம்பெனிச் சரக்கு. அலமாரியிலிருந்து இன்னொன்று எடுத்தேன். அரை. இன்னொன்று. அரை. பரிமளா, "என்னங்க, கம்பெனிக்காரனும் டுப்ளிகேட்டைத் தாட்டி விட்டுட்டானா?" என்று சிரித்தார். அவருக்கு ஏதோ சொல்லி அனுப்பி வைத்தேன்.

போட்டோ பிரேமிலிருந்து சாதாரண ஜன்னல் கண்ணாடித் துண்டை உருவி வைத்தேன். அதற்கு ஏது பவர்? இரண்டு பக்கமும் தட்டை, வெளிச்சம் வளையாமல் அப்படியே போகும். அரை காட்டியது.

அதையும் எடுத்துவிட்டேன். மெஷினில் ஒன்றுமே இல்லை. காற்றுதான் இருந்தது. குழாயில் கண்ணை வைத்து, பச்சைக் கோடு நறுக்கென்று தெரிகிற வரைக்கும் சக்கரத்தைத் திருப்பி, எண்ணைப் பார்த்தேன். எண்ணைப் படிக்க முகத்தைப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தது. மைனஸ் அரை.

வெறும் மெஷின் அரைப் பவர் காட்டுகிறது.

டேப்பை நகத்தால் கிளறி உரித்தேன். பன்னிரண்டு வருடத்துப் பசை, லேசில் வரவில்லை. சக்கரத்தைப் பூஜ்யத்தில் நிறுத்திவிட்டு, குழாயின் வளையத்தைத் திருப்பினேன். மங்கிக் கிடந்த கோடு மெல்ல மெல்ல நறுக்கென்று வந்தது. வளையம் பழைய இடத்திலிருந்து நன்றாக வெளியே வந்திருந்தது. இப்போது வெறும் மெஷின் பூஜ்யம். கூலிங் கிளாஸ் பூஜ்யம். ஜன்னல் கண்ணாடி பூஜ்யம்.

மெஷினுக்கு ஒரு கேடும் இல்லை. முப்பத்துநாலு வயதுக் கண்ணுக்கு அளந்து டேப் சுற்றிய மெஷினில் நாற்பத்தாறு வயதுக் கண் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. வயசானால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் விறைத்துப் போகும், பக்கத்தில் பார்க்க உருண்டு கொடுக்காது. அந்தக் குறையை நான் சக்கரத்தைத் திருப்பி ஈடுகட்டியிருக்கிறேன், அதுதான் அந்த அரை. ஒரு நாளைக்குப் பத்துப் பேருக்கு நான் இதைச் சொல்லித்தான் கண்ணாடி விற்கிறேன்.

ஜூலை 21, ஞாயிறு

காலையில் இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். கையை நீட்டி வைத்துத்தான் படித்தேன், இனி என்ன வெட்கம். அடுத்தவர் தப்பை எழுத ஆரம்பித்தது. அரை கூடுதல், அரை குறைவு, அரை, அரை. மைனஸில் கூடினாலும் பிளஸில் குறைந்தாலும் ஒவ்வொன்றும் மைனஸ் பக்கமே சாய்கிறது. லேப் சரியாக அனுப்பியிருக்கிறது. மயில்சாமி சரியாகப் பார்த்திருக்கிறான். பழையதைப் பார்த்துத் தப்பாக எழுதிக் கொடுத்தது நான். சரியாக வந்ததைத் திருப்பி அனுப்பியதும் நான். ஆறு பேர் முன்னால் அவன் பெயரைக் கெடுத்ததும் நான்.

எட்டு மணிக்கே காளியப்பனுக்குப் போன் போட்டேன். மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். "தப்பு என் கண்ணுலீங்க. அவனை மாதிரி கவனமான ஆள் இந்த ஜில்லாவுலயே இல்லீங்க. வாயால ஒரு வார்த்தை சொல்லி அவன் சோத்துல மண்ணைப் போட்டுட்டேன்."

பிறகு, "அப்ப புதங்கெழமையே வரச் சொல்லுங்க. எனக்கு ஆளு அவசரமுங்க" என்றார்.

மயில்சாமியைத் திரும்பக் கடைக்குக் கூப்பிட வேண்டும் என்று ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அதற்கு முன்னால் இந்தப் போனைத்தான் போட வேண்டியிருந்தது. போட்டுவிட்டேன்.

தளி ரோட்டில் அவன் வீட்டுக்கு இவர் வண்டியில் கொண்டுபோய் விட்டார். மயில்சாமி வாசலில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்தான். பதறி எழுந்தான். உள்ளே போகாமல் அங்கேயே நின்று சொன்னேன். சொல்லும்போது அழுகை வந்தது. அவன் மனைவி தண்ணீர்ச் சொம்போடு வந்தவள் பாதியில் நின்றுவிட்டாள்.

"உனக்கு எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"சுவத்துல அளந்தோமில்லீங்க, அன்னிக்கிங்க்கா."

"மூஞ்சிக்கு நேரா சொல்றதுக்கென்ன?"

தேங்காய் நாரைக் கையிலிருந்து உதறினான். "எப்பிடீங்க்கா சொல்றது? எங்கக்காவுக்கு இந்த வயசுலயும் கண்ணாடி வேண்டாம், மெஷின் தோத்துப் போகும் அவங்க கண்ணுகிட்டன்னு கடைக்கு வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டிருந்ததே நானுங்க. சர்வீசுக்குக் குடுக்கலாம்னு கேட்டுப் பாத்தேன். அதுக்கு மேல வாய் வரலீங்க."

பொள்ளாச்சி வேலையைச் சொன்னேன். எங்கள் கடையைவிட நான்கு மடங்கு பெரிய கடை. அவன் மனைவியின் முகம் மலர்ந்ததைப் பார்த்தேன். அவன் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான், நான் வேறு ஏதோ கேட்கப் போகிறேன் என்பது போல. எனக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"போய்ச் சேந்துக்க மயில்சாமி" என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

காலையில் கடை திறக்கும் முன்பே மயில்சாமி வந்துவிட்டான். "நாளைக்குப் போயிருவேனுங்க. அதுக்குள்ள நீங்க அந்தச் சேர்ல உக்காருங்க" என்றான். வாடிக்கையாளர் சேரில் நான் இதுவரை உட்கார்ந்ததே இல்லை. கொஞ்சம் உயரம் அதிகம், கால் எட்டவில்லை. பாவம் ஜனங்கள்.

சோதனை பிரேமை மூக்கில் மாட்டிவிட்டு ஒவ்வொரு லென்ஸாகப் போட்டான். "இது நல்லாருக்குதுங்களா, இது நல்லாருக்குதுங்களா?" பிளஸ் ஒன்றரையில் எழுத்து அட்டை என் பக்கம் தாவி வந்தது. அவனே கருவிழிகளுக்கு இடையில் அளந்து, லென்ஸின் நடுப்புள்ளியைக் குறித்து, தேய்த்து, மாட்டி, துடைத்துக் கொடுத்தான். போட்டுக்கொண்டேன். சும்மா சொல்லக் கூடாது, ஆனந்தமாக இருக்கிறது. மாத்திரை அட்டையில் தேதி எல்லாம் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்கள்.

இன்றைக்கு ஒரு கோட்டுக்கு ஒரு வரி எழுதுகிறேன்.

இவர் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. இப்ப என் மூஞ்சி தெரியுதா?" என்றார். கழற்றிவிட்டுச் சோறு போட்டேன்.

ஜூலை 29, திங்கள்

கடை வாசலில் போர்டு வைத்தாயிற்று. போன ஆறு மாதத்தில் இங்கே கண்ணாடி போட்டவர்கள் கொண்டு வந்து சரி பார்த்துக்கொள்ளவும், தேவையானால் புதிதாக மாற்றித் தரப்படும் என்று. மெஷின் கோளாறு என்று எழுதிவிடுங்கள் என்று மயில்சாமி போனில் சொன்னான். நான் கேட்கவில்லை. 'பவர் தப்பாகப் பார்த்தது கடைக்காரர் சுலோசனா. பிட்டர் மயில்சாமி மேல் எந்தத் தப்பும் இல்லை' என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னேன்.

அங்கமுத்து போர்டை இரண்டு தடவை படித்தார். உள்ளே வந்து என் முகத்தைப் பார்த்து, "கண்ணாடி போட்டுட்டீங்களா அம்மணி, அப்ப இனி நம்பி வரலாமுங்க" என்றார். ஊரே கடைக்கு வருவதை நிறுத்திவிடும் என்று பயந்தேன். சிரித்துவிட்டுத்தான் போகிறார்கள். சிலர் கையோடு பழைய கண்ணாடியும் கொண்டு வருகிறார்கள்.

இப்போதெல்லாம் தினமும் காலையில் முதலில் வெறும் மெஷினைப் பார்க்கிறேன். பூஜ்யம் வந்த பிறகுதான் ஷட்டர் முழுதாக ஏறும்.

ஆகஸ்ட் 14, புதன்

மதியம் பொள்ளாச்சி பஸ் டிரைவர் ஒரு சின்னப் பார்சலைக் கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால், தடித்த லென்ஸ் போட்ட பழைய கண்ணாடி ஒன்று, கூடவே மயில்சாமி எழுத்தில் துண்டுச் சீட்டு. "அக்கா, இது என்ன பவர் என்று பார்த்துச் சொல்லவும்." அவ்வளவுதான்.

என் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். வெறும் மெஷின், பூஜ்யம். பிறகு அதை வைத்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை பார்த்தேன். போன் போட்டேன்.

"ரெண்டு கண்ணும் மைனஸ் ஒம்பதரை."

"நான் பாத்ததும் அதேதானுங்க்கா."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்கு பஸ்ஸுல அனுப்பிச்சே? அங்க கம்ப்யூட்டர் மெஷினே இருக்குமே."

"அது கால் பவர் அதிகமாக் காட்டுச்சுங்க. கையும் மெஷினும் ஒத்துவரலையே, நம்பிக்கையா இன்னொருத்தர்கிட்டக் காட்டணும், யாரு இருக்காங்கனு முதலாளி கேட்டாருங்க. நான் உங்க பேரைச் சொன்னேன்."